கூட்டாமல், குறைக்காமல்

அவர் ‘நான்’ என்று சொன்னால், அந்த நான் யார் என்று ஒரு கணம் நின்று பார்க்க வேண்டும்.

முதன்முதலாக அதைக் கேட்டது மனுரேவாவில், ஒரு மருத்துவரின் அறையில். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ஆக்லாந்துக்கு வந்து ஐந்து மாதம். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீசு முழுவதும் விமானத்திலேயே தங்கிவிட்டது போல, வெள்ளைக்காரர் யாராவது வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கணவருக்குப் பகல் ஷிப்ட். நான் சொல்லும் இந்த மனிதருடைய வீட்டின் பின்வளவில் இருந்த ஒற்றை அறையில்தான் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். அவருடைய மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கும் அன்று வேலை. ஆகவே துணைக்கு அவர் வந்தார்.

மருத்துவர் ஒரு கதிரையைக் காட்டினார். துணைக்கு வந்தவர் உட்காரவில்லை. கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய வெள்ளைச் சட்டையோடு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எனக்குப் பின்னே நின்றார். என்ன செய்கிறது என்று மருத்துவர் கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னேன். அவர் ஒருமுறை செருமினார். பிறகு, இழுத்துக் கட்டிய கம்பி போன்ற இங்கிலீசில் சொன்னார்:

“எனக்கு மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை. காலையில் எழுந்தால் சத்தி வருகிறது. சோறு வேகிற மணம் பிடிக்கவில்லை.”

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார். நரைத்த மீசையை, ஐம்பது தாண்டிய முகத்தை, அந்தக் கழுத்துப் பொத்தானை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“நீங்களா?”

“இல்லை, சேர். அவர்.”

“அப்படியென்றால் ஏன் ‘எனக்கு’ என்கிறீர்கள்?”

“அவர் அப்படித்தான் சொன்னார்.”

மருத்துவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. திரும்பி வரும் வழியில், காரின் கண்ணாடித் துடைப்பான்கள் மழையை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருக்க, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “பிள்ளை, நீங்கள் ‘எனக்கு’ எண்டுதான் சொன்னனீங்கள். அதை நான் ‘அவவுக்கு’ எண்டு மாத்தினால் அது என்ரை சொல்லாப் போயிடும். நான் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்.”

எனக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த அறையில் ஓர் ஆண் நின்றார் என்றே தோன்றவில்லை. என் குரல்தான் எழுந்து, எனக்குப் பின்னால் போய் நின்று, எனக்குத் தெரியாத மொழியில் என்னைப் பற்றிச் சொன்னது போல இருந்தது.

ஊரில் அவர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர். இருபத்திரண்டு வருடங்கள் சாட்சிக்கூண்டுக்கும் நீதிபதியின் மேசைக்கும் நடுவே, தமிழுக்கும் சிங்களத்துக்கும் இங்கிலீசுக்கும் நடுவே நின்றவர். களவெடுத்தவன் ‘நான் எடுத்தேன்’ என்றால் அவரும் ‘நான் எடுத்தேன்’ என்பார். கணவன் கைவிட்ட பெண் ‘நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்’ என்றால் அவரும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். எத்தனை பேரின் நான்கள் அந்த ஒரு வாயால் போயிருக்கின்றன! கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்தார். இங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு பண்டகசாலையில் பெட்டி எண்ணும் வேலை. பெட்டிகள் பேசுவதில்லை. அதனால் அவர் விடுமுறை நாள்களில் எங்களை மொழிபெயர்த்தார்.

எங்கள் தெருவில் மதுரைக்காரப் பெண் ஒருத்தி இருந்தாள். கணவன் பொறியியலாளர், அவள் என்னைவிட நாலு வயது மூத்தவள், வாயில் எண்ணெய் தடவியது போலப் பேச்சு வழுக்கிக்கொண்டு வரும். அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. வீட்டுச் சொந்தக்காரர் வந்து நின்று, அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றார். அவள் இவரைக் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, “இந்த ஆளு வாயத் தொறந்தா பொய்தான்” என்று முணுமுணுத்தாள்.

ஒரு செருமல். “இந்த மனிதர் வாயைத் திறந்தால் பொய்தான்.”

சொந்தக்காரரின் காது சிவந்தது. அவள் தலையில் கை வைத்தாள். “அய்யய்யோ சார், அதையுமா சொல்லிட்டீங்க?”

இன்னொரு செருமல். “ஐயையோ, அதையுமா சொல்லிவிட்டீர்கள்?”

சொந்தக்காரர் சுவரில் சாய்ந்து சிரித்துவிட்டார். வியாழக்கிழமை கூரை திருத்தப்பட்டது. ஆனாலும் அவள் நாலு நாள் இவரோடு கோபம். “அந்த மனுசன் கண்ணாடி மாதிரிடி. நல்லா சீவிக்கிட்டுத்தான் முன்னாடி போய் நிக்கணும்” என்றாள் என்னிடம்.

கண்ணாடி என்பது சரி. கண்ணாடிக்கு ஒரு குறை உண்டு. அது தன்னைக் காட்டாது.

அவருக்கு ஒரே மகன். பத்தொன்பது வயது. ஆக்லாந்து நகர மையத்தில் பல்கலைக்கழகத்தில் பொறியியல். காலை ஏழு மணிக்கு மனுரேவா ஸ்டேஷனுக்குப் பையோடு போவான், மாலை ஆறுக்கு வருவான். அப்பா தமிழில் கேட்பார், அவன் இங்கிலீசில் பதில் சொல்வான். “இண்டைக்கு என்ன படிப்பிச்சவை?” “ஸ்டஃப்.” “ஸ்டஃப் எண்டால் தமிழிலை என்ன?” அவன் தோளைக் குலுக்குவான். மூன்று மொழிகளுக்கு நடுவே நின்ற மனிதருக்குத் தன் சாப்பாட்டு மேசையில் நடுவே நிற்க ஆள் இல்லை. அக்கா கோப்பைகளை எடுத்து அடுக்குவாள்.

அந்த வருடம் எங்கள் பழைய காரின் பக்கக் கதவை யாரோ வாகனத் தரிப்பிடத்தில் இடித்து நெளித்துவிட்டார்கள். ஓட்டாகூகு பக்கம் ஒரு டிங்கர் கராஜ் மலிவு என்று என் கணவரோடு வேலை செய்பவர் சொன்னார். கணவருக்கு இங்கிலீசு தெரியும். ஆனால் நியூசிலாந்துக்காரர் பேசுவது இங்கிலீசுதான் என்று அவர் இன்னும் நம்பவில்லை. ஆகவே இவரையும் ஏற்றிக்கொண்டு போனோம். எனக்கு அப்போது ஏழு மாதம். கராஜில் பெயின்ற் மணம் தாங்காமல் வாசலில் நின்றேன்.

காரை விட்டுவிட்டு, நாலு நாள் கழித்து எடுக்கப் போனபோது கதவு புதிதாக இருந்தது. நெளிவு எங்கே இருந்தது என்று நானே தேடிப்பார்த்தேன். முதலாளி, கழுத்துத் தடித்த வெள்ளைக்காரர், கதவில் தட்டிக் காட்டிப் பெருமையாக ஏதோ சொன்னார். இவர் என் கணவர் பக்கம் திரும்பினார்.

“‘நான் தொடேல்லை. என்னட்டை ஒரு பெடியன் இருக்கிறான், அவன்தான் செய்தவன். இந்தக் கராஜிலை இருக்கிற கையிலை நல்ல கை அவன்ரைதான்.’”

முதலாளி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். ஒரு காரின் அடியிலிருந்து இரண்டு சப்பாத்துகள் வெளியே வந்தன. பிறகு நீலக் காற்சட்டை. பிறகு மாப்பூசியது போல் வெள்ளைத் தூசி படிந்த முகம். அந்தத் தூசிக்குள் எங்கள் மொழிபெயர்ப்பாளருடைய மூக்கு.

அவன் எழுந்து கையைத் துணியில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். மூன்று மாதமாக மனுரேவாவில் ஏறிய ரயிலில் அவன் நகர மையம்வரை போகவேயில்லை. நடுவிலேயே இறங்கி இங்கே வந்திருக்கிறான். முதலாளி ஒருவர் முகத்திலிருந்து மற்றவர் முகத்துக்குப் பார்த்துவிட்டு, சிரித்த முகத்தோடு ஒன்று கேட்டார். என் கணவர் வாயைத் திறந்தார். அதற்குள் இவர் பதில் சொல்லிவிட்டார்.

“இல்லை, சேர்.”

சொல்லிவிட்டு, பழக்கதோஷம், எங்கள் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார்: “‘உங்களுக்கு இவனைத் தெரியுமோ?’ எண்டு கேக்கிறார். தெரியாது எண்டு நான் சொன்னனான்.”

இரண்டு மொழியிலும் அவன் அதைக் கேட்டான்.

அந்த வாரமே உடுப்புகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வேலைத்தள நண்பர்களோடு போய்த் தங்கிவிட்டான். அக்கா இரண்டு நாள் சமைக்கவில்லை. மூன்றாம் நாள், நான் எங்கள் அறையில் காய்கறி வெட்டிக்கொண்டிருக்க, சுவருக்கப்பால் அவர்கள் குரல் கேட்டது.

“ஒருக்கால் போய்ச் சொல்லுங்கோவன். வாய் தவறி வந்திட்டுது எண்டு.”

“வாய் தவறேல்லை. ஆக்களுக்கு முன்னாலை கேட்ட கேள்விக்கு நான் மறுமொழி சொன்னது. பதிவிலை ஏறினது ஏறினதுதான்.”

“இது நீதவான் கோடில்லை, வீடு!”

“அவன் மட்டும்? ஒவ்வொரு நாளும் அந்த ரயிலிலை ஏறினது என்ன?”

அதன் பிறகு கதவு ஒன்று மெதுவாகச் சாத்தப்பட்டது. அறைந்து சாத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இனிச் சனிக்கிழமைகளைச் சொல்ல வேண்டும். சனி பிற்பகல் இரண்டு மணிக்கு அவருடைய கார்க் கொட்டகைக்குள் கதவை இறக்கிவிட்டு, பழைய ரீவியையும் வீடியோ டெக்கையும் ஒரு மேசையில் வைத்துப் படம் போடுவோம். எட்டுப் பத்துப் பேர், பிளாஸ்டிக் கதிரைகள், யாரோ காரிலிருந்து கழற்றிய ஒரு நீளச் சீற். சிங்கப்பூர் வழியாக வந்த தமிழ்க் கசற்றுகளை, நாடா தேய்ந்து திரையில் மழை பெய்யும்வரை பார்த்து முடித்துவிட்டோம். பிறகு நான் தெருமுனை வீடியோக் கடைக்குப் போகத் தொடங்கினேன். கடைக்காரர் பிஜியிலிருந்து வந்தவர். பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்குப் போன தமிழராம், இவருக்குத் தமிழில் பத்துச் சொல்தான் மிச்சம். எங்கள் சபையின் நிலைமை அவருக்குத் தெரியும். கௌபாய்ப் படங்களின் வரிசைக்குக் கூட்டிப்போய், “அம்மா, இது எடு. நோ கிஸ். குதிரை மட்டும்” என்பார்.

எனவே நாங்கள் குதிரை பார்த்தோம். வெளியே தகரத்தில் நாலு தரம் மழை வந்து போகும். உள்ளே, பல வருடமாக மழையே காணாத ஒரு நிலம் வெடித்துக் கிடக்கும். அந்த நிலத்தில் மனிதர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட்டார்கள். அவர் ரீவிக்குப் பக்கத்தில், கைகளைப் பின்னால் கட்டி நின்று, எங்களுக்குத் தமிழாக்கினார். ஷெரிப்புக்கும் கொள்ளைக்காரனுக்கும் விதவைக்கும் ஒரே குரல்.

“‘சூரியன் மறையிறதுக்குள்ளை நான் உன்னைக் கொல்லுவன்.’ ‘நீ முந்தியும் அப்பிடிச் சொன்னனீ.’ ‘நான் கர்ப்பமாயிருக்கிறன், என்னை விட்டிட்டுப் போகாதை.’”

ஒரு நொடிகூடப் பிந்தாது. சண்டை வந்தால் பேசாமல் நிற்பார். கடைக்காரரை ஏமாற்றிக்கொண்டு எப்போதாவது ஒரு முத்தம் வந்துவிடும். அப்போதும் பேசாமல் நிற்பார். மதுரைக்காரி விடமாட்டாள். “சார், இப்ப என்ன நடக்குது?” “அவையள் ஒண்டும் கதைக்கேல்லை. கதைக்காததை நான் மொழிபெயர்க்கிறதில்லை.” கொட்டகையே சிரிக்கும்.

அந்தச் சனிக்கிழமைகளில் மூன்று மணிக்குத்தான் மகன் வருவான். சமையலறை வழியாக, அம்மாவிடம். கொட்டகைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர், ஒரு சிறு கதவு. அக்கா அவனுக்கு இறைச்சிக் கறியையும் புட்டையும் வெறும் ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு அடுக்குவாள். படம் முடியும் முன் அவன் போய்விடுவான். படம் எப்போது முடியும் என்பதும் அவனுக்குத் தெரியும், அவன் எப்போது வருவான் என்பதும் அவருக்குத் தெரியும். ஒருநாளாவது படத்தை அவர் நேரத்துக்கு முன் நிறுத்தியதில்லை. மூன்று மணிக்குப் பிறகு அவர் குரல் கொஞ்சம் உயர்வதை நான் கவனித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவன் கறி மணத்துக்குள் உட்கார்ந்து, தன் அப்பா ‘நான் குதிரைக்காரன்’, ‘நான் கொலைகாரன்’, ‘நான் தனித்துப்போனேன்’ என்று யார் யாராகவோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். தன்னைப் பற்றி அவர் எதுவும் சொல்லிக் கேட்டிருக்கமாட்டான். நாங்களும்தான் கேட்டதில்லை.

இப்படிப் பத்து மாதம். என் மகள் பிறந்து, கவிழ்ந்து, தவழ்ந்துவிட்டாள். அவர்கள் இருவரும் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை காலை அக்கா பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். காற்று படுக்கை விரிப்பைப் பறித்துப் பறித்துக் கொடுத்தது. கிளிப்பை வாயில் கடித்துக்கொண்டே சொன்னாள்: “நாளைக்குப் போறானாம் சிட்னிக்கு. வேலை கிடைச்சிட்டுதாம். திரும்பி வாறதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.”

“அண்ணைக்குத் தெரியுமோ?”

“சொன்னனான். ‘சரி’ எண்டார். அது சம்மதமோ, கோபமோ, என்ன கண்டறியாத சரியோ, யார் மொழிபெயர்க்கிறது, சொல்லு!” கிளிப் வாயிலிருந்து விழுந்தது. அவள் குனிந்து எடுக்கவில்லை. “இப்பிடியே போனானெண்டால் அவன் எங்கடை பெடியனில்லை. இவர்தான் சொல்லிப்போட்டாரே, தெரியாது எண்டு.”

அன்று பிற்பகல் நான் கொண்டுவந்த படத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கடைக்காரர் எடுத்து நீட்டியது. “அப்பா, பையன். குதிரை. நோ கிஸ்.”

மாட்டுப் பண்ணைக்காரக் கிழவன் ஒருவன். அவனுடைய மகன், ரயில் பாதை போடுகிறவர்களோடு வேலைக்குப் போய்விட்டான். கிழவனுக்கு ரயில் என்றால் வெறுப்பு. பாதை வந்தால் நிலம் போய்விடும். வருடங்கள் கழித்து மகன் குதிரையில் திரும்பி வருகிறான். படம் முழுவதும் அவ்வளவுதான். அவன் வந்துகொண்டே இருக்கிறான், கிழவன் வேலிக்குத் தூண் நட்டுக்கொண்டே இருக்கிறான். மூன்று மணி தாண்டியிருந்தது. சமையலறையில் தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. டப்பாக்களின் சத்தம். இன்று கொஞ்சம் கூடுதல் டப்பாக்கள்.

கடைசிக் காட்சி. பெரிய மரக் கேற். உள்ளே கிழவன், வெளியே மகன். மகன் தொப்பியைக் கழற்றினான். கிழவன் அவனை மேலும் கீழும் பார்த்து, வாயின் ஓரத்தால் இரண்டு வாக்கியம் சொன்னான். எனக்கு அப்போது அவ்வளவுக்கு இங்கிலீசு வந்திருந்தது. ‘எனக்கு மகன் இல்லை.’ ‘போகும்போது கேற்றைச் சாத்திவிட்டுப் போ.’

அவர் செருமினார். ஒன்றும் சொல்லவில்லை.

திரையில் கிழவனும் மகனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காற்று புழுதியை உருட்டிக்கொண்டு போனது. அந்தப் படத்தை எடுத்தவர் அந்தப் பார்வையை நீளமாக விட்டிருந்தார். அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

“என்ன சார், என்ன சொன்னாரு?” என்றாள் மதுரைக்காரி.

சமையலறையிலும் சத்தம் நின்றிருந்தது. அவர் பிந்துவது இதுதான் முதல் தடவை. அது சுவருக்கு அந்தப் பக்கத்துக்கும் தெரிந்திருக்கும்.

“‘எனக்கு உன்னைத் தெரியும்,’” என்றார்.

அதே குரல். ஷெரிப்பின் குரல், விதவையின் குரல். ஆனால் பின்னால் கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து முன்னால் வந்துவிட்டன, என்ன செய்வதென்று தெரியாமல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

“‘அண்டைக்கு நான் சொன்னது பொய். உன்ரை கை நல்ல கை எண்டு அந்த முதலாளி சொன்னதை நான் என்ரை வாயாலைதான் சொன்னனான். சொல்லேக்கை எனக்குள்ளை சந்தோசமாயிருந்தது. ஆர் பெத்த பிள்ளையோ எண்டு நினைச்சனான். பிறகு நீ வெளியிலை வந்தாய்.’”

“எந்த முதலாளி சார்? படத்துல வரவேயில்லையே?”

“முதல்லை வந்தவர். நீங்கள் கவனிக்கேல்லை.”

அவர் பொய் சொன்னார். இத்தனை நாளில் எங்களுக்காக ஒரு சொல்லைக் கூட்டாதவர், ஒரு கழுதையைக் குதிரையாக்காதவர், ஒரு முழு முதலாளியைப் படத்துக்குள் கூட்டிவந்து நிறுத்திவிட்டார். என் மடியிலிருந்த மகள் அவருடைய சட்டையை எட்டிப் பிடிக்கப் பார்த்தாள். நான் அவள் கையை அமத்திப் பிடித்துக்கொண்டேன்.

திரையில் மகன் பேசத் தொடங்கினான். நிலத்துக்காக வரவில்லை, நீ இன்னும் நிற்கிறாயா என்று பார்க்கத்தான் வந்தேன் என்கிற மாதிரி ஏதோ. அவர் அதை மொழிபெயர்க்கவில்லை. இனி அவரால் முடியாது என்று எனக்குத் தெரிந்தது. அந்த வாய்க்கு ஒரே நேரத்தில் ஒரு நான்தான் கொள்ளும், அன்று அதற்குள் அவரே இருந்தார்.

அப்போது சிறு கதவுப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. அவன் படியில் நின்றான், நெஞ்சோடு இரண்டு ஐஸ்கிரீம் டப்பா. தமிழில் பேசினான். வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த கதவைத் தள்ளுவது போல, ஒவ்வொரு சொல்லும் கிறீச்சிட்டது.

“‘நான்... நான்தான் முதல்லை பொய் சொன்னது. எவ்ரி டே, ரயிலிலை. அப்பாக்குச் சொல்ல... பயம். அப்பா எல்லாருக்கும் கரெக்ராச் சொல்லுவார். எனக்கும் கரெக்ராச் சொல்லுவார் எண்டு... பயம்.’”

“அட, பையன் வந்திருக்கானா! நல்லாத்தான் சொல்றான். ஆனா அந்த வெள்ளைக்காரன் இவ்வளவு நீளமாவா பேசினான்?” என்றாள் மதுரைக்காரி.

என் கணவர் தும்முவது போல முகத்தைத் துணியில் மூடிக்கொண்டார். அக்கா மகனுக்குப் பின்னால் நின்றாள், கையில் அகப்பை. கறி அடியில் பிடிக்கிற மணம் மெல்ல வந்தது. அவள் அசையவில்லை.

அந்தப் படத்துக்கு இதெல்லாம் தெரியாது. திரையில் மகன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, குதிரையைத் திருப்பிக்கொண்டு, திரும்பிப் பாராமல் போய்க்கொண்டிருந்தான். இசை எழுந்தது.

“ஏன் சார், அதான் ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்களே! அப்புறம் ஏன் போறான்?”

அவர் திரையைப் பார்த்தார். குதிரை சின்னதாகிக்கொண்டே போனது. பிறகு படியைப் பார்த்தார்.

“குதிரைக்குத் தண்ணி காட்ட,” என்றார்.

“வருவானா?”

ஒரு செருமல்.

“வருவான்.”

பெயர்கள் ஓடத் தொடங்கின. அவள் நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்தாள். “நல்ல படம்” என்றாள். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் அவள் ஒருத்திதான் அவர் சொன்ன படத்தை முழுதாகப் பார்த்தவள் என்று இப்போது தோன்றுகிறது. மற்ற எல்லோரும் இடையிடையே இங்கிலீசைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அவர்கள் கட்டிப்பிடிக்கவில்லை. அப்படியெல்லாம் அந்த வீட்டில் பழக்கமில்லை. கசற்றைப் பின்னுக்குச் சுற்றினார்கள். கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார்கள். கொட்டகைக் கதவைத் தூக்கியபோது, மழை கழுவி வைத்த வெளிச்சம் ஒரேயடியாக உள்ளே விழுந்தது. வெளியே எங்கள் கார் நின்றது. அவர் போய்ப் பக்கக் கதவில் பெருவிரலை வைத்து, மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தார், கண்ணை மூடிக்கொண்டு, ஒரு நெளிவைத் தேடுகிறவர் போல.

“இது நீ செய்ததோ?”

“யெஸ்...” என்று தொடங்கி, “ஓம்” என்றான்.

“எங்கை இடிபட்டது?”

அவன் அப்பாவின் கையைப் பிடித்து நாலு விரல் தள்ளி வைத்தான். “இங்கை.”

“தெரியேல்லை,” என்றார் அவர். அந்தத் தெரியேல்லை அவ்வளவு இலேசாக இருந்தது.

நான் உடனே எங்கள் அறைக்குப் போய், மகளைக் கட்டிலில் போட்டுவிட்டு, காரணம் சொல்லத் தெரியாமல் அழுதேன். நெஞ்சுக்குள் பத்து மாதமாக நின்றுகொண்டிருந்த யாரோ உட்கார்ந்தது போல இருந்தது. அந்தக் கராஜ் வாசலில் நானும்தான் நின்றேன். எனக்கும் வாய் இருந்தது. ‘தெரியும், இவருடைய மகன்தான்’ என்று சொல்ல எனக்கு ஒரு வாக்கியம் இங்கிலீசு வந்திருந்தால் போதுமாயிருந்திருக்கும், ஆனால் நான் பேசாமல் நின்றேன்.

மறுநாள் மதியம் விமான நிலையத்துக்குப் போனோம். எங்கள் காரில்தான். அப்பாவும் மகனும் பின்சீற்றில், அக்கா நடுவில். மகன் பயணத்தை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. வேலை வேலைதான். மாங்கரே வழியெல்லாம் பச்சை வயல், அதில் மேகத்தின் நிழல் மாடு மேய்வது போல மெதுவாக நகர்ந்தது. அவன் அக்காவுக்கு மேலாக அப்பாவிடம் சிட்னியில் கராஜ் எங்கே இருக்கிறது, என்ன சம்பளம், யாரோடு தங்குவான் என்று பாதித் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தான். தமிழ்ச் சொல் கிடைக்காத இடத்தில் நிறுத்துவான். அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. காத்திருந்தார். அவன் எப்படியோ ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வந்து சேருவான்.

பயணிகள் உள்ளே போகும் வாசலில் சீருடையோடு ஓர் அம்மா நின்று பயணச்சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா அழுதாள். மகன் அவளைப் பிடித்து ஆட்டிச் சிரிக்கவைத்தான். பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். வாசலைக் கடந்தவன் நின்று, திரும்பி, அந்தக் கூட்டத்துக்கு மேலால், எல்லாருக்கும் கேட்கும்படி, தமிழில் கத்தினான்:

“அப்பா! குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வாறன்!”

அவருடைய தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பல் இவ்வளவு உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

சீருடைக்கார அம்மா எங்களைப் பார்த்தாள். விமான நிலைய வாசலில் யாராவது கத்தினால் கேட்பது அவள் வேலை. என்ன சொன்னார் அவர் என்றாள்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். கழுத்துப் பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டினார். செருமினார். பிறகு, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், இழுத்துக் கட்டிய அந்த இங்கிலீசில் சொன்னார்:

“குதிரைக்குத் தண்ணீர் காட்டிவிட்டு நான் திரும்பி வருவேன்.”

அவள் நரைத்த மீசையைப் பார்த்தாள். வெறுங்கையைப் பார்த்தாள்.

“நீங்களா?”

“இல்லை, மேடம்,” என்றார் அவர். “என்னுடைய மகன்.”